மில் கண்ட சுதந்திரம்

சுதந்திரம் என்னும் சொல் நம் நாவில் நாள்தோறும் பயில்வது. ஆயினும் அதன் எல்லை யாது என்று எவரேனும் வினவினால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். அவ்வெல்லையை வரையறுக்க முனைந்தவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர்.

அவர் 1806-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில்லே அவருக்கு ஆசான். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன் என்று பயிற்சி கடுமையாக நடந்தது. இருபதாம் வயதில் அவர் உள்ளம் சோர்ந்து, எதிலும் இன்பம் காணாது வாடினார். பின்னர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்கு மருந்தாயின. அறிவோடு உணர்ச்சியும் வளர்ந்தாலன்றி மனித வாழ்வு நிறைவுறாது என்பதை அவர் தம் அனுபவத்தால் உணர்ந்தார்.

சுதந்திரத்தைப் பற்றிய அவரது நூல் 1859-இல் வெளிவந்தது. அதன் உருவாக்கத்தில் உடனுழைத்த மனைவி ஹாரியட் முந்தைய ஆண்டில் மறைந்துவிட்டமையால், அவர் நினைவுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரைச் சமுதாயம் வலிந்து கட்டுப்படுத்தலாம் என்பது அந்நூலின் அடிப்படை. தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுவதைத் தடுக்கலாகாது. சினங்கொண்ட கூட்டத்தின் நடுவே, வணிகர் வீட்டு வாயிலில் நின்று அதனையே முழங்கினால் தண்டிக்கலாம். கருத்து ஒன்றே, விளைவு வேறு.

மாற்றுக் கருத்தை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அது உண்மையாக இருக்கலாம். உண்மையின் ஒரு பகுதியேனும் அதில் இருக்கலாம். முற்றிலும் தவறாயினும், அதனோடு பொருதும்போதுதான் நம் கொள்கையின் பொருள் நமக்கே விளங்கும் என்றார் மில்.

அவர் ஏட்டளவில் நின்றவரல்லர். 1865 முதல் 1868 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1867-இல் வாக்குரிமைச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, ஆண்களை மட்டும் குறித்த சொல்லை நீக்கி, இருபாலார்க்கும் பொதுவான சொல்லை அமைக்குமாறு திருத்தம் கொணர்ந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோல்விதான், ஆயினும் 1928-இல் ஆங்கிலப் பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்றனர். அதனைக் காண மில் இல்லை. 1873-இலேயே பிரான்சு நாட்டின் அவிஞோன் நகரில் மறைந்துவிட்டார்.

இங்கே நான் ஒன்றை மறைத்தலாகாது. இதே மில் 1823 முதல் 1858 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணிபுரிந்தவர்; இந்தியாவுக்குச் செல்லும் ஆணைகளை வரைந்தவர். தம் சுதந்திரக் கொள்கை 'முதிர்ச்சி பெறாத' சமுதாயங்களுக்குப் பொருந்தாது என்று அந்நூலிலேயே விலக்கு எழுதினார்; நம் நாட்டையும் அவ்விலக்கினுள் அடக்கினார். மேலும், எழுத்தும் எண்ணும் அறியாதவர்க்கு வாக்குரிமை கூடாது என்பதும் அவர் துணிபு.

காலம் இதற்கு விடை கூறிற்று. 1951-இல் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். ஆயினும் அரசியலமைப்பு, வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்களித்தது. 1951-52 பொதுத் தேர்தலில், கட்சிச் சின்னங்களைக் கண்டறிந்து கோடிக்கணக்கானோர் வாக்குப் பெட்டியை நாடினர். குடியாட்சிக்குத் தகுதி பெற்ற பின்னரே குடியுரிமை என்ற வாதத்தை அவர்கள் செயலால் மறுத்தனர்.

அங்ஙனமாயின் மில்லை ஒதுக்கிவிடலாமா? ஆகாது என்பேன். எந்தக் கருத்தும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதன்று என்று கூறியவர் அவர். அவருடைய விலக்கும் அந்த ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. அவர் தந்த அளவுகோலைக் கொண்டே அவரை அளந்து, குறையைக் குறையென்று கூறுவோம். அளவுகோலை எறிந்துவிட வேண்டாம்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் சொற்போர் மன்றத்தில், நீங்கள் நம்பும் கட்சிக்கு மாறான கட்சியில் நின்று, உங்கள் முழு ஆற்றலையும் செலுத்தி ஒருமுறை வாதாடிப் பாருங்கள். மேடையிலிருந்து இறங்கும்போது உங்கள் பழைய கொள்கை மாறாதிருக்கலாம். ஆனால், அதனை ஏன் கொண்டிருக்கிறீர்கள் என்பது அன்றுதான் உங்களுக்குத் தெளிவாகும்.