உடல் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது

உஸ்மான் செம்பேனின் ‘லா நுவார் து...’ (1966) படத்தைத் தலைப்பிலிருந்தே வாசிக்கத் தொடங்கலாம். ‘...உடைய கறுப்புப் பெண்’. யாருடைய? அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் மட்டுமே. உடைமை உண்டு, உடைமையாளர் பெயர் இல்லை.

பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளில் படமெடுக்க முன் அனுமதி வேண்டும் என்றது 1934இன் லவால் ஆணை. கறுப்பு உடல் திரையில் ஆடலாம், சுமக்கலாம். அது காமிராவுக்குப் பின்னால் வந்து நிற்பதில்தான் அதிகாரத்துக்குச் சிக்கல். போலின் வியேராவும் நண்பர்களும் செனகலில் எடுக்க முடியாமல் தங்கள் படத்தை 1955இல் பாரீசில் எடுத்தார்கள். 1960இல் செனகல் விடுதலை பெற்றது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, பிறகு மாஸ்கோவில் சினிமா படித்த செம்பேன் கேட்டது இதுதான்: நாடு விடுதலையாயிற்று, சரி. உடல்?

தியுவானா டக்காரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள். பிரான்சின் அந்தீப் நகருக்கு வந்ததும் சமையல், துவையல், துடைப்பு எல்லாம் அவள் தலையில். செருப்பைக் கழற்று என்கிறாள் எஜமானி. கறுப்புப் பெண்ணை முத்தமிட்டதே இல்லையென்று எழுந்துவந்து முத்தமிடுகிறார் விருந்தாளி. யாரும் அடிக்கவில்லை, சங்கிலி இல்லை. ஆனால் அந்த உடலில் எந்தப் பகுதி அவளுடையது?

அவள் வாய்விட்டுப் பேசுவது கொஞ்சம்தான். மனக்குரல் மட்டும் சரளமான பிரெஞ்சில் ஓடுகிறது. நடித்தவர் ம்பிசீன் தெரேஸ் தியோப். குரலோ ஹெய்ட்டியைச் சேர்ந்த தோத்தோ பிசாந்த்துடையது. முதல்முறை பார்த்தபோது இதை ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது, அந்த இடைவெளியே காலனிய வரலாறுன்னு படுகிறது. திரையில் யோசிப்பதற்குக்கூட அவளுக்கு எஜமானின் மொழிதான் கிடைத்தது. செம்பேனின் அடுத்த படமான ‘மந்தாபி’ (1968) வோலோஃப் பேசியது தற்செயலல்ல.

கடைசியில் தியுவானா குளியல் தொட்டியில் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இதையே ‘உடலின் எதிர்ப்பு’ என்று கொண்டாடும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாவைப் புனிதமாக்குவது நமக்கு ரொம்பச் சுலபம், ஏன்னா சாகப்போவது நாமில்லை. அவளுடைய அரசியல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. வேலை செய்ய மறுத்தாள். அம்மாவுக்கு அவள் பெயரில் முதலாளி பதில் எழுதத் தொடங்கியபோது, அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தைக் கிழித்தாள். தான் பரிசாகக் கொடுத்து, அவர்கள் சுவரில் அலங்காரமாக மாட்டிய முகமூடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இது ஓர் ஒற்றையாள் வேலைநிறுத்தம். பக்கத்தில் நிற்க இன்னொருத்தி இல்லாமல் போனதுதான் சாவாக முடிந்தது.

முதலாளி டக்காருக்குப் பணத்தோடு போகிறான். தாய் வாங்க மறுக்கிறாள். ஒரு சிறுவன் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே நடக்கிறான், அவன் வேகம் கூட்டி ஓடுகிறான். தலைப்பின் மூன்று புள்ளிகளில் யார் பெயர் இருந்தது என்பது அப்போது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.