பூனையின் உரோமமும் மின்சார சாஸ்திரமும்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தாபித்த காலத்தில், அதற்கு முந்திய ஆண்டிலே வட்டுக்கோட்டையில் ஆரம்பமான செமினரி, கணிதம், வானசாஸ்திரம் ஆகியவற்றோடு பிரகிருதி சாஸ்திரத்தையும் யாழ்ப்பாணத்து இளைஞருக்குப் போதித்து வந்தது. அச்சாஸ்திரத்துள் அடங்கும் மின்சாரத்தைப் பற்றிக் கூறின், உரசிய அம்பர் துரும்பை இழுக்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அவ்வுராய்வில் எழும் சிறு பொறியும் வானத்து மின்னலும் ஒரே சக்தியின் இரு ரூபங்களே என்பது 1752 இல் பிரான்சில் நடந்த பரிசோதனையால் நிரூபணமாயிற்று.

குளிர்ந்து வறண்ட ஒரு மாலையில், மூன்று வயதுப் பாலகனாகிய நிக்கோலா டெஸ்லா தன் பூனையின் முதுகைத் தடவியபோது பொறிகள் சிதறக் கண்டு, பின்னாளில் மின்சாரத்துக்கே தம் ஆயுளை அர்ப்பணித்தார். உடுவில் வீட்டுத் திண்ணைப் பூனையிடம் அவ்வதிசயத்தைக் காண்பது அரிது. உரோமம் கையோடு உராயும்போது எலெக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து மின்னேற்றம் பிறப்பது எங்கும் பொதுவே. ஆயினும், கடல் சூழ்ந்த குடாநாட்டின் ஈரக்காற்றினால் உரோமத்தின்மேல் படியும் நுண்ணிய நீர்ப்படலம், அம்மின்னேற்றம் திரண்டு பொறியாகுமுன்பே அதனைக் கசியவிட்டு விடுகிறது.

இத்தகைய சாஸ்திரங்களைப் போதித்த வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டமை நமக்குப் பேரிழப்பே. எனினும், உடுவிலின் அயலூராகிய மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த கிறீன் வைத்தியர், மேலைச் சாஸ்திர நூல்களைத் தமிழாக்கும் அரும்பணியைத் தளராது தொடர்ந்தார்.