காதுல வந்த காசநோயும் ஒரு டம்ளர் பாலும்

குழந்தைக்குக் காதுல சீழ் வடிஞ்சா, "தலைக்கு ஊத்துறப்ப தண்ணி போயிருக்கும், சரியாயிடும்"னு வீட்ல சொல்வாங்க. பெரும்பாலும் அது சாதாரணத் தொற்றுதான். ஆனா அபூர்வமா அது காசநோயா இருக்கும். வலியே இல்லாம மாசக்கணக்கில் வடியும். செவிப்பறையில் ஒண்ணுக்கு மேல ஓட்டை விழலாம். பார்த்தா சின்னப் பிரச்சினை மாதிரிதான் தெரியும், ஆனா காது ரொம்பவே மந்தமாகியிருக்கும்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அடுத்த வருஷமே எஷ்லே என்கிற மருத்துவர் காதுச் சீழிலும் அதே கிருமியைப் பார்த்துட்டார். சரி, நுரையீரல் கிருமிக்குக் காதுல என்ன வேலை?

தொண்டைக்கும் நடுக்காதுக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கு. கைக்குழந்தைகளுக்கு அது குட்டையா, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். தொண்டைக்கு வந்த கிருமி அது வழியா சுலபமா உள்ளே போயிடும். தொண்டைக்கு எப்படி வந்தது? இருமுறவங்க மூலமா வரலாம். காய்ச்சாத பால் மூலமாவும் வரலாம், ஏன்னா மாட்டுக்கும் காசநோய் உண்டு.

இங்கதான் காக் சறுக்கினார். 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனுஷங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், அதைத் தடுக்க நடவடிக்கையே தேவையில்லைன்னு பேசினார். கிருமியைக் கண்டுபிடிச்சவரே சொல்றார், யார் எதிர்த்துப் பேசுவாங்க? நம்ம டீம்ல சீனியர் "அந்த மாட்யூல்ல பக் வராது"ன்னு சொன்னா யாரும் டெஸ்ட் பண்ண மாட்டோமே, அந்தக் கதைதான்.

நல்லவேளை, பிரிட்டிஷ் அரசு நம்பிட்டுச் சும்மா இருக்கலை. அதே வருஷம் ஒரு ராயல் கமிஷன் போட்டது. பத்து வருஷ ஆய்வு. 1911 இறுதி அறிக்கை தெளிவா சொன்னது: பால் வழியா வரும், முக்கியமா குழந்தைகளுக்கு. அப்பவும் பாலைச் சூடாக்கி விக்கிறது பரவலாக இன்னும் பல வருஷம் ஆச்சு. பச்சைப் பால்தான் சத்துன்னு வாதாடினவங்க அங்கேயும் இருந்தாங்க.

1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிச்சு எடுத்தார். காசநோய்க்கு முதல்முறையா நிஜமாவே வேலை செஞ்ச மருந்து. ஆனா அது உள்காதைத் தாக்கியது. நோயாளிகளுக்குத் தலை சுத்தல், நடந்தா தள்ளாட்டம். அதைக் கொஞ்சம் மாத்தி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின்னு கொண்டு வந்தாங்க, பக்கவிளைவு குறையும்னு நம்பி. அது செவித்திறனையே பறிச்சது. சிலருக்கு ஊசியை நிறுத்தின பிறகுதான் காது கேட்காமப் போக ஆரம்பிச்சது.