சீனத்துக் குடியானவனும் ஒற்றைச் சக்கர வண்டியும்

உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்று சீனத்துக் கதை பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இதுவும் நிலத்தின் கதைதான்.

அந்தக் காலச் சீனாவில் நிலமில்லாதவன் வாரத்துக்கு உழுதான். பல ஊர்களில் விளைச்சலில் பாதி வாரத்துக்கே போய்விடும். பஞ்சத்தில் வாங்கின கடனுக்கு வட்டி வேறு.

ஆலைத் தொழிலாளிதான் புரட்சி செய்வான் என்று கம்யூனிஸ்டுகள் முதலில் நம்பினார்கள். 1922-லேயே வேறு வழி பார்த்தவர் பெங் பாய். குவாங்டுங் மாகாணத்து ஹைஃபெங்கில் பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. மேல்நாட்டு உடுப்போடு ஊருக்குள் போனபோது, ஏதோ வசூலுக்கு வந்த ஆள் என்று ஒதுங்கினார்கள். (பேண்ட் போட்டு வரப்பில் இறங்குகிற எனக்கும் இந்த அனுபவம் உண்டு!) உடுப்பை மாற்றினார், பேச்சை மாற்றினார். சங்கம் வளர்ந்தது. 1929-இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்குள், 1927-இல் ஷாங்காயில் சியாங் கை ஷேக்கின் ஆட்கள் வேட்டையாடியதால், கட்சியே கிராமத்தை நம்பி வந்திருந்தது.

1946 முதல் தங்கள் வசமிருந்த பகுதிகளில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதன் பலன் 1948 நவம்பரில் தொடங்கிய ஹுவாய்ஹாய் போரில் தெரிந்தது. அறுபத்தைந்து நாள் சண்டை. லாரி மிகக் குறைவு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குடியானவர்கள் தோளிலும், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியிலும் தானியமும் குண்டும் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டில் மாவு அரைத்தார்கள், சிப்பாய்க்குத் துணிச் செருப்பு தைத்தார்கள். எதிரி ஜெயித்தால் பழைய நிலக்காரன் திரும்பி வருவான், கிடைத்த நிலம் போய்விடும். அந்தப் பயம்தான் வண்டியைத் தள்ளியது என்பது என் கருத்து. கட்டாயப்படுத்தி அனுப்பப்பட்டவர்களும் இல்லாமலில்லை.

1950-இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. சுமார் 30 கோடிப் பேருக்குப் பதினோரு கோடி ஏக்கருக்கு மேல் கிடைத்தது. ஊர்க் கூட்டங்களில் நிலக்கிழார்களை அடித்தே கொன்றதும் நடந்தது. செத்தவர்கள் பல லட்சம்.

அந்த நிலமாவது கையில் நின்றதா? இல்லை. முதலில் கூட்டுறவு, 1958-இல் கம்யூன் என்று எல்லாம் பொதுவில் சேர்ந்தது. 1959 முதல் 1961 வரை வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியானவர்களே.

வண்டிகள் ஓடின அதே அன்ஹுயி மாகாணத்தில், 1978-இல் ஷியாவ்காங் என்ற சிற்றூரில் 18 குடியானவர்கள் ராத்திரியில் ரகசியமாகக் கூடி, ஒரு தாளில் கைநாட்டுப் போட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். பிடிபட்டால் ஜெயில். அடுத்த வருஷம் விளைச்சல் பலமடங்கு ஏறியது. பிறகு அரசாங்கமே அந்த முறையை நாடெங்கும் அனுமதித்தது. ஆனாலும் நிலம் இன்றைக்கும் குடியானவன் பேரில் இல்லை, கிராமக் கூட்டுச் சொத்துதான். சாகுபடி உரிமை மட்டும் அவனுக்கு.