மலையகப் பிள்ளைகளின் இராப்பொழுது



பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட மலைச்சாரலில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் பயிலும் ஓர் அரசினர் பாடசாலையில் அதிபராகக் கடமை புரிபவன் நான். காலை 7.30 மணிக்கு எங்கள் முற்றத்தில் மாணவர் வரிசையாக நின்று வழிபாடு நிகழ்த்துவர். சில மாதங்களுக்கு முன், அவ்வரிசையில் நின்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றபடியே உறங்கி, பக்கத்தில் நின்றவன்மீது சாய்ந்துவிட்டான். அந்தக் கிழமையில் அஃது மூன்றாம் முறை.

“இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?” என்று வினவினேன்.

“பன்னிரண்டு மணிக்கு, சேர்” என்றான்.

நான் அவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மறுநாள் வீட்டாரை அழைத்து வருமாறு பணித்தேன். அவனுடைய பாட்டியார் வந்து கூறிய செய்தியை இப்பேச்சின் இறுதியில் சொல்வேன். அதற்கு முன், நம் பிள்ளைகளின் இராப்பொழுது இந்நிலை அடைந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். வரலாறென்றால் அரசர்களின் போர்களும் பட்டங்களும் மட்டுமே என்று எண்ணுகிறோம். ஒரு குழந்தை எந்த நேரத்தில் கண்மூடுகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பண்டைத் தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன அவை. ஞாயிற்றின் போக்கையும் நிலத்தின் இயல்பையும் கண்டு வகுத்த பொழுதுகள் இவை. கடிகாரமும் சங்கொலியும் இல்லாத அக்காலத்தில், ஞாயிறு மறைந்தால் உழைப்பு நின்றது. உழைப்பு நின்றால் உறக்கம் வந்தது.

ஊவா மலைகளுக்கு நம் முன்னோர் வந்தபோது, அவர்கள் அறிந்த அந்தப் பொழுதுகள் அவர்களோடு வரவில்லை. கோப்பிப் பயிர் 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்கு அறுவடைக் காலம் என ஒன்றுண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. ஆகவே ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலையாகத் தங்க நேர்ந்தது. 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924ஆம் ஆண்டில் புகைவண்டி பதுளை வரை வந்து சேர்ந்தது. அவ்வண்டி ஏற்றிச் சென்ற தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னே எத்தனையோ பிள்ளைகளின் குறையுறக்கம் இருந்தது.

அந்நாளைத் தோட்டத்தில் வைகறையை அறிவித்தது சேவலன்று, தப்பு. இருள் விலகுமுன் லயத்துப் பாதையில் தப்பொலி கேட்கும். உடனே எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு விரைதல் வேண்டும். பெயர் பதியும் நேரத்துக்குப் பிந்தினால் அன்றைய பெயர் போய்விடும். பெயர் போனால் கூலி போய்விடும். தாய் எழும்போது மடிக்குழந்தையும் எழுந்தாக வேண்டும். அதனைப் போர்வையில் சுற்றிப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டே அவள் மலைக்குச் செல்வாள். பனி மூடிய மார்கழி விடியலில் அப்படித் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளுள் நானும் ஒருவன்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும் அத்தப்பொலியே ஆணை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் தோட்ட நிர்வாகத்தின் கடன் என்று விதித்தது. ஆயினும் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் 1929இல் நாட்கூலி வகுக்கப்பட்டபோது, உயர்மலைத் தோட்டங்களுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று மூன்று தரங்கள் குறிக்கப்பட்டன. கூலிப் பட்டியலில் பிள்ளைக்குத் தனியிடம் இருந்தது என்பதே போதிய சான்று. பிரட்டுக்கு எழும் பிள்ளை இரவில் எப்போது உறங்கியது என்று கேட்பார் இலர்.

அந்நாளிலே பிள்ளைகள் நேரத்தோடு உறங்கினார்களா? பெரும்பாலும் உறங்கினார்கள். அதற்கு ஒழுக்கமோ அறிவுரையோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குப்பி விளக்கு எரியும். மண்ணெண்ணெய் காசுக்கு வருவது. ஆகவே சோறு உண்டதும் விளக்கு அணையும்; விளக்கு அணைந்தால் அனைவரும் படுத்தாக வேண்டும். தாய் தந்தை, பாட்டன் பாட்டி, பிள்ளைகள் யாவரும் ஒரே தரையில் ஒரே கம்பளியின் கீழ் உறங்கினர். 1970களின் தொடக்கத்தில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியபோது, பசி தெரியாதிருக்கப் பொழுது சாயுமுன்னே எங்களை உறங்க வைத்ததாக என் அன்னையார் சொல்வதுண்டு. நேரத்தோடு உறங்கிய காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவோர் இதையும் நினைவில் இருத்துதல் நன்று.

அவ்விருளுக்கு விலக்கான இரவுகளும் இருந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து வந்தால் தோட்டமே உறங்காது. இரதியாகவும் மதனாகவும் வேடம் புனைந்தோர் லயந்தோறும் ஆடி வருவர். தப்பும் பறையும் முழங்க, கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு விடியும் வரை நாங்கள் பார்த்திருப்போம். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே இரவைப் பகலாக்கின. வைகறையில் வேலைக்கு அழைக்கும் அதே தப்பு அவ்விரவுகளில் எங்களுடையதாக இருந்தது. தோட்டத்துப் பகல் முழுவதும் கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்குச் சொந்தம். இரவு ஒன்றே குடும்பத்துக்குச் சொந்தம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு பேசும் நேரம் அது. இந்த உண்மையை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

பின்னர் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1945இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1977 முதலே அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கலாயிற்று. அதனால் கல்வி வளர்ந்தது. கல்வியோடு பரீட்சையும் வந்தது. தொலைக்காட்சி 1979இல் இலங்கைக்கு வந்தது. சில ஆண்டுகள் சென்று மின்சாரம் படிப்படியாக லயங்களுக்கும் வந்தது. குப்பி விளக்கு அணையும் நேரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த உறக்கம் அக்கட்டிலிருந்து விடுபட்டது. ஆனால் விழிக்கும் நேரம் மட்டும் அசையவில்லை. ஒரு முனை கட்டப்பட்டிருக்க, மறுமுனை இழுக்கப்பட்ட கயிறு போல் இரவு தேய்ந்தது.

கடிகாரமும் தன் பங்கைச் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் இருமுறை, அரை மணித்தியாலம் வீதம் இலங்கையின் நேரம் முன்தள்ளப்பட்டு, 1945இல் பழைய நிலைக்கு வந்தது. மீண்டும் 1996இல் மின்தட்டுப்பாடு நேர்ந்தபோது, மே மாதத்தில் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை நிலைத்தது. அப்போது நான் இளம் ஆசிரியன். கடிகாரம் ஆறு என்று சொல்லும். மலையோ இன்னும் இருளில் இருக்கும். இரண்டு மூன்று மைல் நடந்து வரும் பிள்ளைகள் கைவிளக்கோடும் தீப்பந்தத்தோடும் புறப்பட்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். மாலையில் வெளிச்சம் நீண்டதால் விளையாட்டும் நீண்டது, படுக்கை பிந்தியது. ஆளுவோர் முள்ளைத் திருப்பலாம்; குழந்தையின் உடலைத் திருப்ப முடியாது.

இவ்விடத்தில் கடல் கடந்து சற்று நோக்குவோம். பிள்ளைகள் மிகப் பிந்தி உறங்கும் நாடுகளுள் ஒன்றாகக் கொரியாவைச் சொல்வர். அந்நாட்டின் இரவும் பிறர் கையில் சிக்கிய வரலாறு உடையது. யப்பானியர் ஆட்சியில், 1912இல், கொரியாவின் கடிகாரம் யப்பானிய நேரத்துக்கு மாற்றப்பட்டது. 1954இல் தென்கொரியா அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 1961இல் மீண்டும் முன் சென்றது. 1945 முதல் 1982 சனவரி வரை நள்ளிரவு ஊரடங்கு அந்நாட்டில் நிலவியது. ஊரடங்கு நீங்கிய பின், இரவைத் தொழிலகங்களும் தனியார் வகுப்புகளும் பங்கிட்டுக்கொண்டன. தந்தை வேலை முடிந்து பிந்தி வருவார். அவர் முகம் காணச் சிறு குழந்தை விழித்திருக்கும். மூத்த பிள்ளையோ பாடசாலை முடிந்தபின் ‘ஹக்வொன்’ எனப்படும் தனியார் வகுப்பில் இருக்கும். சியோல் நகர நிர்வாகம் இரவு 10 மணிக்குப் பின் அவ்வகுப்புகள் நடத்தலாகாது என்று விதித்தது. 2009இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதை 2011இல் ஒரு சட்டம் தடுத்தது; அச்சட்டம் பின்னர் கைவிடப்பட்டு 2022இல் மறைந்தது. செல்வம் மிகுந்த அந்நாட்டிலும், வறுமை நீங்காத எங்கள் தோட்டங்களிலும் ஒரே நிகழ்ச்சியைக் காண்கிறோம். பகலில் பெற்றோரை இழந்த பிள்ளை இரவில் அவர்களைத் தேடுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. எங்கள் பிள்ளை காலை 5 மணிக்கு எழுகிறது. ஒன்பது மணித்தியாலம் வேண்டுமாயின் இரவு 8 மணிக்கு உறங்க வேண்டும். தாய் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, நீர் சுமந்து, உலை வைத்து, சோறு வடிக்கும்போதே 8 மணியாகிறது. ஆகவே அப்பிள்ளை தாயோடு அமர்ந்து உண்ணவும் வேண்டும், ஒன்பது மணித்தியாலம் உறங்கவும் வேண்டும் என்றால் கணக்கு ஒப்பவில்லை. இதன்மேல் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பும், கைத்தொலைபேசியும் சேர்ந்துகொள்கின்றன. குறையைப் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்துதல் அறமாகாது.

இதனை எனக்குக் கற்பித்தவர் அந்தச் சிறுவனின் பாட்டியார். படிப்பறிவில்லாத அம்மூதாட்டி என் மேசைமுன் நின்று இவ்வாறு கூறினார்:

“இவன் அம்மா சவூதியில வீட்டு வேலைக்குப் போயிருக்குதுங்க ஐயா. அங்க வேல முடிஞ்சி கையக் கழுவுறப்போ ஒம்பது மணியாகுமாம். நமக்கு இங்க பதினொன்றரை. அந்தக் குரலக் கேக்காம இவன் கண்ணு மூட மாட்டேங்குறான். நான் என்னா செய்ய?”

நேயர்களே, நான் விடையின்றி நின்றேன். இரண்டு நாடுகளின் நேரங்களுக்கு இடையேயுள்ள இரண்டரை மணித்தியாலத்தை என் மாணவர்க்குப் புவியியல் பாடமாகப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அதனை ஒரு குழந்தை ஒவ்வோர் இரவும் தன் உறக்கத்தால் கடந்து வருகிறது என்று நான் எண்ணியதே இல்லை. முற்றத்தில் அவனைக் கடிந்த சொற்கள் எனக்கே திரும்பி வந்தன.

பின்பு அவனுடைய வகுப்பாசிரியையும் நானும் பாட்டியாரோடு அமர்ந்து ஆலோசித்தோம். தாயார் தம் வேலை முடிந்தபின், மகனுக்குச் சொல்ல வேண்டியவற்றைத் தொலைபேசியில் குரலாகப் பதிந்து அனுப்புவதென்றும், சிறுவன் விடியற்காலை தேத்தண்ணி குடிக்கும்போது அதனைக் கேட்பதென்றும் ஓர் ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கிழமை இரவு மட்டும், மறுநாள் பாடசாலை இல்லாமையால், அவன் விழித்திருந்து தாயோடு நேரே பேசுகிறான். கீழ்வகுப்புகளுக்கு வீட்டுப் பாடத்தையும் பாதியாகக் குறைத்தோம். முதலிரண்டு கிழமைகள் அவன் இரவில் அழுதானாம். இப்போது ஒன்பது மணிக்குள் உறங்கிவிடுகிறான் என்று பாட்டியார் சொல்கிறார். கணக்கின்படி இன்னும் ஒரு மணித்தியாலம் குறைகிறது என்பதை நான் மறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவையும் நிறுத்திவிட்டால் அவன் உடலுக்கு நன்மையே என்று நண்பர் ஒருவர் கூறினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தப்பொலிக்கும் சங்கொலிக்கும் மாற்றாரின் கடிகாரத்துக்கும் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தம் பொழுதைக் கொடுத்து வந்த மக்கள் நாங்கள். எங்களுக்கென்று எஞ்சியது இரவு ஒன்றே. பிள்ளைகள் நேரத்தோடு உறங்க வேண்டுமென்று பெற்றோரிடம் கேட்கிறோம். கேட்கும் முன், அப்பெற்றோர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பத்தக்க வேலையும், பிள்ளையைப் பிரியாமல் வாழத்தக்க கூலியும் அவர்களுக்கு உண்டா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வகுப்பில் ஒரு பிள்ளை உறங்கி விழுந்தால், தண்டிக்குமுன் அதன் இரவைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். விடை சொல்லும் வரை பொறுத்திருங்கள்.