சோம் களத்திலிருந்து நெய்யூருக்கு: இரு போர்களுக்கிடையே ஒரு படை மருத்துவர்

மார்த்தாண்டத்துக்குத் தென்கிழக்கே, நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் வரலாற்றைப் பேசுவோர் டாக்டர் தியடோர் ஹோவர்ட் சோமர்வெல்லை எவரெஸ்டோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். 1922, 1924 ஆகிய இரு ஆண்டுகளின் பயணங்களிலும் ஏறியவர், மலையைப் பார்க்க வந்து நோயாளிகளைக் கண்டு மனம் மாறியவர் என்பதே வழக்கமான சித்திரம். இதில் பொய் இல்லை. ஆனால் வரிசை பிசகுகிறது. அவர் மலைக்குப் போகுமுன் படையில் இருந்தவர். நெய்யூரில் அவர் எடுத்த முடிவின் வேர் 1916-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் போர்க்களத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்த சோமர்வெல், கேம்பிரிட்ஜிலும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையிலும் பயின்றார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டன். சோம் தாக்குதல் தொடங்கிய 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,000-க்கும் மேற்பட்டோர் சாவுக்கோ காயத்துக்கோ ஆளாயினர். இறந்தோர் மட்டும் 19,240 பேர். முன்னணிக்குப் பின்னால் இருந்த கள மருத்துவமனையில், ஒரு கூடாரத்துக்குள் நான்கே அறுவை மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் சோமர்வெல். வெளியே தூக்குப் படுக்கைகளில் நூற்றுக்கணக்கானோர் கிடந்தனர். அறுவைக்கு இடையே கிடைத்த சிறு பொழுதுகளில் அவர் வெளியே வந்து, சாகக் கிடந்தவர்களோடு பேசினார். மற்றவருக்கு முன்னால் தன்னைக் கவனிக்கும்படி அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை அவர் குறித்து வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் போரை எதிர்ப்பவராக அவரை மாற்றியது இந்த அனுபவமே. யாரை முதலில் மேசையில் கிடத்துவது, யாரை விடுவது என்று தீர்மானிக்க வேண்டிய நிலைக்கு 26 வயதில் ஆளான ஒருவரின் மனம் பிறகு எதை அளவுகோலாகக் கொள்ளும் என்பதை இங்கிருந்தே ஊகிக்க முடியும்.

1922-இன் எவரெஸ்ட் முயற்சியில், ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தனர். இறந்தவர்களில் வெள்ளையர் ஒருவரும் இல்லையே என்று சோமர்வெல் வெளிப்படையாக வருந்தினார். சோம் களத்தில் சாவு பதவி பார்க்கவில்லை, மலையில் பார்த்தது. இந்த உறுத்தலோடுதான் அவர் இந்தியாவின் வடகோடியிலிருந்து குமரிமுனை வரை பயணம் செய்தார். நெய்யூரில் அவர் கண்டது நீண்ட நோயாளி வரிசையையும் அதைச் சமாளிக்க முடியாமல் திணறிய ஒரே அறுவை மருத்துவரையும். உடனே உதவிக்கு நின்றார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிடவும் முடிவு செய்தார். அந்த வரிசை அவருக்குப் புதிய காட்சியல்ல.

இதற்கு மறுப்பு உண்டு. நெய்யூரில் மருத்துவப் பணி சோமர்வெல்லோடு தொடங்கவில்லை. லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-லேயே அதைத் தொடங்கிவிட்டார். எனவே மிஷன் மரபும் கிறிஸ்தவ நம்பிக்கையுமே போதிய காரணம் எனலாம். அந்த மரபு இல்லாவிட்டால் அவர் வந்து நிற்க நெய்யூரில் ஓர் இடமே இருந்திராது, உண்மைதான். ஆனால் இடம் இருந்ததற்கான காரணமும், அங்கே இவர் நின்றதற்கான காரணமும் ஒன்றல்ல. இதைவிட வலுவான கேள்வி இது: சோம் களத்தைக் கண்ட மருத்துவர்கள் பலர், அவர்களில் நெய்யூருக்கு ஏன் ஒருவர் மட்டும் வந்தார்? போர் மட்டுமே ஒருவரை மிஷன் ஊழியர் ஆக்கிவிடாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். நம்பிக்கை திசையைத் தந்தது. மருத்துவர் குறைவாகவும் நோயாளிகள் மிகுதியாகவும் உள்ள இடமே தன் இடம் என்ற அளவைப் போர் தந்தது. அவ்வளவே என் கூற்று.

1924-க்குப் பின் அவருடைய வாழ்வு நெய்யூரோடு பிணைந்தது. தென் திருவிதாங்கூரில் மிகுந்திருந்த குடற்புண் நோய்க்கு அறுவை செய்வதில் அவர் பெயர் பெற்றார்; சக மருத்துவர் ஐயன் ஓரோடு சேர்ந்து 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அதுபற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் அவருடைய தன்வரலாற்று நூல் வெளிவந்தது. அதன் தலைப்பே எவரெஸ்டுக்குப் பிந்தைய வாழ்வைச் சுட்டுகிறது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவருக்கு 49 வயது. அப்போரும் திருவிதாங்கூரைத் தொடாமல் விடவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏழை வீடுகள் மரச்சீனிக் கிழங்கை மேலும் நம்ப வேண்டியதாயிற்று. முதல் போரில் சீருடையோடு செய்த பணியை, இரண்டாம் போர்க்காலத்தில் அவர் சீருடையின்றி இந்த மக்களிடையே செய்தார். குமரி மாவட்டத்தின் படை வரலாறு என்றால் 1741-இன் குளச்சல் போரும் உதயகிரிக் கோட்டையும் மட்டுமே எழுதப்படுகின்றன. போரின் விளைவு ஓர் ஊரின் மருத்துவமனை வழியாகவும் வந்து சேரும் என்பதற்கு இவ்வாழ்வு சான்று.

பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 முதல் 1961 வரை கற்பித்து, 1975-இல் இங்கிலாந்தில் இறந்தார். கேரள எல்லைக்கு அப்பால் காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. குமரி மாவட்ட ஆய்வாளர்கள் மலையேற்ற நூல்களைச் சற்று ஒதுக்கிவைத்து, அந்த ஆவணங்களில் நெய்யூரைத் தேடிப் படிக்க வேண்டும்.