ஈய அறையிலிருந்து குழாய்வழி வரை: கார்பன் டை ஆக்சைடைத் தூய்மையாக்கும் வேதியியலின் வரலாறு

நிலக்கரியை எரித்துப் பெறும் கார்பன் டை ஆக்சைடு ஒருபோதும் தனியே வருவதில்லை. கரியிலிருக்கும் கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் அதன் ஆக்சைடுகளாகவும் மாறி உடன் வருகின்றன. ஈரம் பட்டால் இரண்டும் அமிலம். இவற்றை நீக்கிய வரலாற்றைச் சொல்லும்போது சுண்ணாம்பு நீரில் தொடங்கி அமைன் கரைசலுக்கு வந்து சேர்வது வழக்கம். அதாவது, அமிலத்தைக் காரத்தால் கழுவிய வரலாறு. அது பாதி வரலாறுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மற்றப் பாதி, மாசு நீக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் கந்தக அமிலம் விற்பதற்காக 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது.

1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக், சாமுவேல் கார்பெட் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து ஈயத் தகட்டால் அறை கட்டினார். அதற்கு முன் ஜோஷ்வா வார்டு போன்றவர்கள் கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்து, வரும் புகையைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து அமிலம் எடுத்தார்கள். குடுவை உடையும், அளவும் சிறியது. ஈயம் அமிலத்தைத் தாங்கும், உடையாது, வேண்டிய அளவுக்கு அறையைப் பெரிதாக்கலாம். அறையின் தரையில் தண்ணீர் நிற்கும். உள்ளே கந்தகமும் வெடியுப்பும் எரியும். புகை மெல்லத் தண்ணீரில் இறங்கி அமிலமாகும்.

இதில் வெடியுப்பின் வேலை என்ன என்பது அறுபது ஆண்டுகள் வரை விளங்கவில்லை. 1806-இல் கிளமோன், தெசோர்ம் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் விடை தந்தார்கள். வெடியுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துச் சல்பர் டை ஆக்சைடிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் ஆக்சிஜனை எடுக்கத் திரும்புகிறது. தான் செலவாவதில்லை. வினையூக்கம் என்ற கருத்துக்கே பெயர் வராத காலத்தில் சொல்லப்பட்ட விளக்கம் இது. வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கப்பலேறிய வெடியுப்பு விலை கூடிய சரக்கு என்பதால், புகைபோக்கி வழியாகத் தப்பும் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்த 1827-இல் கே-லுசாக் ஒரு கோபுரத்தை முன்மொழிந்தார். 1859-இல் ஜான் குளோவரின் கோபுரம் அதை நிறைவு செய்தது. 20-ஆம் நூற்றாண்டில் கந்தக அமிலம் எடுக்கும் புதிய வழியான தொடுமுறை பரவியதும் ஈய அறைகள் மூடப்பட்டு, அந்த வேதியியல் பாடநூலுக்குள் ஒதுங்கியது.

கார்பன் டை ஆக்சைடின் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. சோடாத் தண்ணீருக்காகக் கல்கரியை எரித்து வாயு எடுத்த ஆலைகள், புகையை முதலில் நீரால் கழுவிச் சாம்பலையும் கந்தகப் புகையையும் நீக்கின. பிறகு பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, சூடாக்கிப் பிரித்தன. 1930-இல் ஆர்.ஆர். பாட்டம்ஸ் பெற்ற காப்புரிமை, கார்பனேட்டின் இடத்தில் அமைன் சேர்மங்களை வைத்தது. இன்றைய கார்பன் பிடிப்பு ஆலைகளில் பெரும்பாலானவை அந்தக் காப்புரிமையின் வழித்தோன்றல்கள். அதே காலத்தில் லண்டனின் பேட்டர்சி மின்நிலையம் தேம்ஸ் நீரோடு சுண்ணக்கட்டித் தூள் கலந்து புகையைக் கழுவியது. ஃபுல்ஹாம் மின்நிலையத்தில் இருந்த கழுவு அமைப்பு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டது. அதன் வெண்ணிற ஆவிப்படலம் எதிரி விமானங்களுக்கு அடையாளம் காட்டிவிடும் என்ற அச்சமே காரணம்.

அமைனுக்குச் சல்பர் டை ஆக்சைடு ஆகாது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிய அமைனைச் சூடாக்கினால் வாயு விடுபடும், அமைன் மறுபடி பயன்படும். சல்பர் டை ஆக்சைடைப் பிடித்த அமைனோ வெப்பத்தால் பிரியாத உப்பாகி அப்படியே வீணாகும். எனவே உள்ளே வரும் புகையில் அது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இத்துறையில் நிலைபெற்றது. 1978 முதல் கலிபோர்னியாவின் டிரோனாவில் கொதிகலன் புகையிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடு சோடா சாம்பலாகிறது. தூத்துக்குடி ஆல்கலி ஆலையிலும் 2016 முதல் அதே நோக்கம்தான்: ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைக் கொதிகலன் புகையிலிருந்து எடுத்துச் சோடா சாம்பலாக்கும் திட்டம். கனடாவின் பவுண்டரி டேம் நிலையம் 2014-இல் இன்னொரு படி முன்னே போனது. அங்கே சல்பர் டை ஆக்சைடைத் தனி அமைனில் முதலில் பிடித்துக் கந்தக அமிலமாக்கினார்கள். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: அமிலத்தன்மையுள்ள வாயுவுக்கு எதிரே ஒரு காரத்தை நிறுத்துவது.

இந்த அடிப்படையை மாற்றியது ஆக்சி-எரிப்பு. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனில் நிலக்கரியை எரித்தால் புகையில் நைட்ரஜன் நீர்ப்பு இருக்காது. வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். ஆனால் நீர்ப்பு இல்லாததால் சல்பர் டை ஆக்சைடின் செறிவும் பல மடங்கு கூடிவிடும். ஜெர்மனியின் ஷ்வார்ஸ பம்ப்பேயில் வாட்டன்ஃபால் நிறுவனம் 2008 செப்டம்பரில் இயக்கிய 30 மெகாவாட் வெப்பத்திறன் சோதனை நிலையம் இந்த முறையின் முதல் பெரிய களம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் மாநாட்டில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் வின்ஸ் வைட், ராட்னி ஆலம் குழுவினர் ஒரு யோசனையை முன்வைத்திருந்தார்கள். கழுவு கோபுரமே வேண்டாம். எப்படியும் இந்த வாயுவை அழுத்தித்தான் ஆக வேண்டும். அழுத்தும் வழியில் 15 பாரில் சற்று நிறுத்தி, நீரோடு தொடர்பு கொள்ளவிட்டால் சல்பர் டை ஆக்சைடு கந்தக அமிலமாகி வடியும். 30 பாரில் மறுபடி நிறுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகி வடியும்.

அழுத்தம் ஏன் இவ்வளவு தீர்மானமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நைட்ரிக் ஆக்சைடின் இரு மூலக்கூறுகளும் ஆக்சிஜனின் ஒரு மூலக்கூறும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. வேகம் மூன்று செறிவுகளின் பெருக்கலைப் பொறுத்தது. வளிமண்டல அழுத்தத்திலிருந்து 15 பாருக்கு ஏற்றினால் ஒவ்வொரு செறிவும் 15 மடங்கு. ஒரே கன அளவில் வினைவேகம் 15-இன் மும்மடி, அதாவது 3,375 மடங்கு. மேலும், இவ்வினை வெப்பம் குறையக் குறைய வேகம் கூடும் அரிய வகையைச் சேர்ந்தது. அழுத்திக் குளிரவைத்த வாயு அதற்கு ஏற்ற இடம். உண்டான நைட்ரஜன் டை ஆக்சைடு சல்பர் டை ஆக்சைடுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு நைட்ரிக் ஆக்சைடாகத் திரும்புகிறது. சல்பர் டை ஆக்சைடு தீர்ந்த பிறகே நைட்ரஜன் ஆக்சைடு தானும் அமிலமாகி வெளியேறும். ரோபக்கின் அறையில் நடந்த அதே வினைதான், எஃகுக் கலத்துக்குள். அங்கே விலை கொடுத்து வாங்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு இங்கே மாசாகவே வந்து சேர்கிறது; அந்த மாசே இன்னொரு மாசை நீக்கும் கருவியாகிறது. இத்துறையில் இதைவிட நேர்த்தியான சிந்தனையை நான் பார்த்ததில்லை.

எளிமையாகச் சொல்லப்பட்ட இந்த விளக்கம் முழுமையானதல்ல. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாயுநிலையில் நேரடியாக நடக்கும் வினை மிக மெதுவானது என்றும், நீருக்குள் நைட்ரஸ் அமிலமும் சல்பைட்டும் சேர்ந்து நைட்ரஜன்-கந்தகக் கூட்டுச் சேர்மங்கள் உண்டாவதே முக்கியம் என்றும், நீரின் அமிலத்தன்மை அதன் போக்கை மாற்றுகிறது என்றும் காட்டினார்கள். ஈய அறையின் இடைநிலைச் சேர்மம் எது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேயோர்க் லுங்கேயும் ஃபிரிட்ஸ் ராஷிக்கும் கடுமையாக மோதினார்கள். நைட்ரைட்டும் சல்பைட்டும் சேரும் சேர்மங்களை விரிவாக ஆராய்ந்தவரும் ராஷிக்தான். அந்த விவாதத்தை மறுபடி எடுத்துப் படிப்பது புதிய ஆலையை வடிவமைப்பவருக்கு நேரடிப் பயன் தரும். பழைய வேதியியல் இதழ்களைத் தொல்பொருளாக ஒதுக்குவது இழப்பு.

இதே வினை மனிதர் கைமீறியும் நடந்திருக்கிறது. 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற லண்டன் மூடுபனியில் சல்பர் டை ஆக்சைடை அமிலமாக்கியது, பனித்துளிகளுக்குள் கரைந்த நைட்ரஜன் டை ஆக்சைடுதான் என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது.

இப்போது அதே வினை, பிடித்த கார்பன் டை ஆக்சைடைக் கொண்டுசெல்லும் குழாய்வழிக்குள்ளும் நடக்கக்கூடும். நீர் போதிய அளவு அகற்றப்பட்டால் கார்பன் டை ஆக்சைடு எஃகை அரிக்காது என்பது நெடுநாள் நம்பிக்கை. நார்வேயின் ஷெல்லரிலுள்ள ஆற்றல்தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த சோதனைகள் அதைத் தகர்த்தன. கரைதிறன் எல்லைக்கு வெகு கீழே நீர் இருந்தபோதும், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை ஒன்றுசேர்ந்தால் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் தனித் திரவமாகப் பிரிந்தன. தனித்தனியே தீங்கற்ற ஓடைகள் ஒரே குழாயில் கலக்கும்போதே ஆபத்து. பல ஆலைகளின் வாயுவை ஏற்றுக் கடலடியில் சேமிக்கும் நார்தர்ன் லைட்ஸ் திட்டத்தின் தர அளவுகள் இதனால்தான் அவ்வளவு இறுக்கமானவை: பத்து லட்சத்தில் நீர் 30, சல்பர் ஆக்சைடுகள் 10, ஆக்சிஜன் 10, ஹைட்ரஜன் சல்பைடு 9. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு முதலில் 10 என்றிருந்த எல்லை பின்னர் 1.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பிரெவிக் சிமென்ட் ஆலையின் வாயு அங்கே கடலடிப் பாறைக்குள் முதலாவதாகச் செலுத்தப்பட்டது.

அழுத்த முறைக்கு இந்த 1.5 ஒரு சோதனை. சல்பர் டை ஆக்சைடு தீர்ந்த பின் நைட்ரஜன் ஆக்சைடின் செறிவு குறையக் குறைய, மும்மடி விதியே எதிராகத் திரும்பி வினையை மந்தமாக்கும். கடைசிச் சில பங்குகளை எடுக்க வாயுவைத் திரவமாக்கிக் காய்ச்சி வடிக்கும் கட்டம் ஒன்று தேவைப்படும் என்பது என் மதிப்பீடு. அந்தக் கூடுதல் கட்டத்தின் செலவை வாயு தரும் ஆலை ஏற்பதா, குழாய்வழியை நடத்துபவர் ஏற்பதா என்பது இனி எழுதப்படும் ஒப்பந்தங்களில் தீர்க்கப்பட வேண்டியது.